பெட்டிக்குள் போன மெத்தை

மொட்டைமாடியில் தலையணையைக் காயப் போட்டிருந்தேன். தையல் விட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. பீளமேட்டுக் காற்று சும்மா விடுமா? இலவம்பஞ்சு பறந்து போய், கீழே காலேஜ் பிள்ளைகள் நிறுத்தியிருந்த பைக்குகள் மேலெல்லாம் உட்கார்ந்துவிட்டது. போய் ஒரு வார்த்தை சொல்ல வெட்கம். நான் அப்படித்தான். அஞ்சாவதோடு நின்றவள், படித்த காலத்திலும் 'உள்ளேன் ஐயா' சொல்ல நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வெயில் பட்ட இலவம்பஞ்சுக்கு ஒரு வாசம் உண்டு. அது மூக்கில் ஏறினால் எனக்கு ஸ்பீக்கர் பெட்டி ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, சொல்கிறேன்.

கருமத்தம்பட்டியில் இருந்தபோது எங்க ஊட்டுக்காரர் மைக்செட்காரர்களுக்குப் பிளைவுட்டில் பெட்டி செய்து கொடுத்தார். ஒருநாள் நாச்சிமுத்து என்கிற மைக்செட்காரர், புதுசாக வாங்கிப்போன ரெண்டு பெட்டியையும் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்.

"ஏனுங்க, குடத்துக்குள்ள தலைய உட்டுப் பேசற மாதிரி இருக்குதுங்க. நாளைக்குக் கல்யாணம். பொண்ணூட்டுக்காரங்க என்னைய உரிச்சுப் போடுவாங்க."

பாட்டுப் போட்டுக் காட்டினார். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். நாச்சிமுத்து இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சாயங்காலம் வாரேனுங்க. சரியாகலைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

சமையல்கட்டில் நின்ற எனக்கே அந்த முழக்கம் வயிற்றில் இடித்தது. நாச்சிமுத்து போனபிறகு இவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "ஏனுங்க, முழங்குதுங்க."

முறைத்தார். அப்புறம் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "சத்தம் கேக்குது புள்ள. முழக்கந்தான் பிரிச்சுத் தெரியல."

பகலெல்லாம் இவர் ஓட்டுகிற தறிச் சத்தம், கோயில் திருவிழா நோம்பி என்று வந்தால் பாடுகிற பெட்டிக்குப் பக்கத்திலேயே காவல். காது என்னதான் செய்யும்? பெட்டி செய்கிறவருக்குக் காது போச்சு என்று வெளியே தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

உள்ளே மெத்தென்று எதையாவது வைத்தால்தான் முழக்கம் அடங்கும், கோயமுத்தூர் போய் வாங்கிவர நேரமில்லை என்றார். என் கண் கட்டிலுக்குப் போனது. அம்மா சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. யோசித்தால் மனசு வராது என்று அரிவாள்மணையை எடுத்துக் கிழித்துப்போட்டேன்.

அதிலும் ஒரு கூத்து. மெத்தைக்கு அடைக்கிற பழக்கத்தில், குத்திக் குத்தி மூலைமுடுக்கு விடாமல் அடைத்துவிட்டேன். பாட்டுப் போட்டால், பாடுகிறவர் வாயில் துணியை வைத்து அமுக்கிய மாதிரி. பொழுது வேறு சாய்கிறது. மூக்கெல்லாம் பஞ்சு, கண்ணெல்லாம் தண்ணீர். எல்லாவற்றையும் பிடுங்கி, பழைய வேட்டித் துண்டில் மெல்லிசாகப் பரப்பித் தைத்துக் கொடுத்தேன். அவர் பெட்டியின் முதுகிலும் பக்கங்களிலும் சின்ன ஆணி வைத்து அடித்தார். பாட்டு ஓடும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முழங்கினால் அழுத்துவேன், அங்கே இன்னும் கொஞ்சம் பஞ்சு. அமுங்கினால் கிள்ளுவேன், கொஞ்சம் எடுத்துவிடுவார். கடைசியில் கையை விட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து வந்து கேட்டார். "அட, இப்பத்தானுங்க மனுசன் பாடற மாதிரி இருக்குது! என்னங்க பண்ணுனீங்க?"

"எல்லாம் காதுங்க, காது" என்று இவர் தன் காதைத் தட்டிக் காட்டினார். கதவுக்குப் பின்னால் நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் வந்த பெட்டிக்கெல்லாம் அப்படித்தான், என் காதும் அவர் கையும். ஒரு கல்யாணத்தில் நம்ம பெட்டி பாடுகிறது. இவர் குனிந்து, "நம்ம மெத்தை பாடுது புள்ள" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "சும்மா இருங்க" என்று முணுமுணுத்தேன். அப்போது அதெல்லாம் அவருக்குக் கேட்டது.

இப்போது அநேகமாக எதுவுமே கேட்பதில்லை. நரம்பே போய்விட்டது, மெஷின் வைத்தும் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுதிக் காட்டலாம் என்றால் அவர் பள்ளிக்கூடமே போனதில்லை. காதோடு வாயை வைத்துக் கத்தினால் ஏதோ கொஞ்சம். "ஒண்ணுக்குப் போறீங்களா" என்று கேட்பதுகூடத் தெருவுக்கே தெரிகிறது.

நேற்று படுத்துக்கொண்டே, "நான் போயிட்டா நீ என்ன பண்ணுவே புள்ள?" என்றார். அவர் பேசுவதும் இப்போது சத்தம்தான். அடுப்படியில் மருமகள் கரண்டியை நிறுத்திவிட்டாள்.

பதில் என்னிடம் இருந்தது. சின்னப் பதில்தான், காதோடு சொல்கிற பதில். மருமகள் கேட்க, தெரு கேட்க அதை எப்படிக் கத்துவது? உதடு மட்டும் அசைந்தது. அவர் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.