பஸ்ஸுக்கு நிற்கும் சந்தோஷம்

போன வாரம் கலஹா போகும் பஸ்ஸுக்காக வீதியோரம் நின்றிருந்தோம் – நானும், என்னோடு படிப்பிக்கிற ஜோசபினும். என் கையில் ஒரு கவிதைப் புத்தகம். எல்லாம் அன்றாடச் சந்தோஷங்கள்... சுடச்சுட டீ, துவைத்த தலையணை உறை, இப்படி. சும்மா பஸ்ஸுக்கு நிற்பதன் சுகத்தைப் பற்றியும் ஒன்று. அதைத்தான் அவளுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போனது. ஜோசபின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணச் சங்கிலி போய்விட்டது.

பொலிஸுக்குப் போவோம் என்றேன். சங்கிலி போனபோதுகூட அவள் முகம் அப்படி வெளுக்கவில்லை.

"வேணாம் டீச்சர். பேரு, அட்ரஸ் எல்லாம் கேப்பாங்க. அப்புறம் வீட்டுக்கு வருவாங்க."

சிரிக்கிறீர்களா? நான் சிரிக்கவில்லை. நம் தமிழர்களுக்குப் பொலிஸ் என்றால், களவு கொடுத்தவருக்கும் பயம்தான். இருந்தாலும் இழுத்துக்கொண்டு போனேன்.

பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது புத்தகத்தைத் திறந்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை. இது என்ன தமிழ்ப் புத்தகம் என்று யாராவது கேட்டால்? பைக்குள் திணித்துவிட்டேன். தலையணை உறைக் கவிதையை ஒளித்து வைத்த வீராங்கனை நான்!

பொலிஸ்காரர் அவள் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். எங்கள் இருவருக்கும் சிங்களம் பேச வரும்; வாசிக்க வராது. இந்த இடத்தில் நாம் வழக்கமாக என்ன செய்வோம்? பேசாமல் போட்டுவிட்டு வருவோம். நானும் போடச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். வெளியே போனால் போதும் எனக்கு.

அவள் போடவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசித்தார். சங்கிலி தொலைந்துவிட்டதாக எழுதியிருந்தது.

தொலையவில்லை, பறித்தார்கள் என்றாள் ஜோசபின். அவர் அதை அடித்துத் திருத்தினார். அவசரத்தில் அப்படி எழுதினாரா, வேண்டுமென்றேவா? இன்றுவரை தெரியாது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

சங்கிலி கிடைக்கவில்லை. புத்தகம் இன்னும் பைக்குள்தான் கிடக்கிறது. நேற்று ஸ்டாஃப் ரூமில் ஜோசபின் சொன்னாள் – வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்கென்கிறதாம். திருடன் வந்துவிட்டான் என்றா, என்று கேட்டேன்.

"திருடனுக்கு நம்ம அட்ரஸ் தெரியாதே டீச்சர்."