பீங்கான் தம்ளரின் விளிம்பு

என் அக்கா யசோதாவுக்குப் பேய், பாம்பு, போலீஸ் எதற்கும் பயமில்லை. தம்ளருக்குத்தான் பயம்.

மெட்ராஸில் பீங்கான் வேலை படித்துவிட்டுப் புத்தூர் வந்தவள், வீட்டுக்குப் பின்னால் பானை வனைகிற சக்கரம் போட்டுக்கொண்டாள். புத்தூர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று ஊரே கத்திக்கொண்டிருந்தபோது, இவள் பீங்கானில் டவரா தம்ளர் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். திருப்பதிக் கடைக்காரர் நாகபூஷணத்துக்குப் பிடித்தால் தொழிற்சாலை அச்சு எடுத்துச் சூளையில் சுட்டுத் தள்ளும். பிடிக்காவிட்டால் சக்கரத்தை விற்றுக் கல்யாணம் என்பது நைனாவின் தீர்ப்பு.

சிக்கல் விளிம்பில் இருந்தது. நம் பக்கம் தம்ளரை உதட்டில் வைக்க மாட்டோம், அண்ணாந்து ஊற்றிக்கொள்வோம். விளிம்பு தடித்தால் காப்பி மோவாயில் வழியும். மெலிந்தால் சில்லு பெயரும். அக்கா மெலிதாகவே செய்தாள்.

திருப்பதி பஸ்ஸில், மாதிரித் தம்ளர் இருந்த வைக்கோல் கூடையை அக்கா மடியைவிட்டு இறக்கவில்லை.

"இன்னாக்கா, அடைகாத்துக்கினு வர்ற? குஞ்சு எப்போ பொரிக்கும்?"

"வாய மூட்றா திருவேங்கடம்." கூடையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கடையில் நாகபூஷணம் அதில் காப்பி ஊற்றி அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"ஏமம்மா, பாகுந்தி! நல்லாருக்கு!" என்று தம்ளரைக் கழுவி, பித்தளையைக் கவிழ்க்கிற பழக்கத்தில் கல்மேல் டக்கென்று கவிழ்த்தார். பிறகு அதிலேயே பால் ஊற்றிப் பேத்தியிடம் கொடுத்தார். குழந்தை அண்ணாந்து ஒரு மடக்கு விழுங்கியது.

அக்கா பாய்ந்து தட்டிவிட்டாள். தம்ளர் உடைந்தது. குழந்தை வீறிட்டது.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார் நாகபூஷணம்.

"விளிம்புல சில்லு போயிருக்குதுங்க! பால்ல கீதோ இன்னாவோ... துப்புடி கண்ணு, துப்பு!"

குழந்தை அழுததே ஒழியத் துப்பவில்லை. அக்கா பாலில் மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, தரையிலேயே விளிம்பைச் சேர்த்து வைத்தாள். வட்டம் வந்தது. நகம் அளவு இடம் மட்டும் காலி. நாகபூஷணத்தின் முகம் வெளுத்துவிட்டது. 

அவர் தம்ளரைக் கவிழ்த்த கல்லின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினேன். ஏதோ குத்தியது. கொண்டுவந்து வைத்தேன். காலி இடத்தில் பொருந்தியது.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாகபூஷணம் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "தடியா பண்ணும்மா. வழிஞ்சா சட்டை நனையும், அவ்ளோதானே. வாங்கிக்கறேன்."

அக்காவால் கூடையைக்கூடக் கட்ட முடியவில்லை. நான் கட்டினேன். கேலி செய்யத் தோன்றவில்லை. செய்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.

இப்போது கடைகளில் விற்பது தடித்த தம்ளர்தான். குடித்துவிட்டு யாராவது மோவாயைத் துடைத்தபடி திட்டினால் அக்காவின் முகம் தெளிகிறது. கல்மேல் தம்ளர் கவிழும் சத்தம் கேட்டால் மட்டும், எங்கே இருந்தாலும் ஓடிப்போய் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்க்கிறாள்.