பச்சை நிறத்தில் வந்த காற்று

2011இல் செய்தித்தாள் வேலையை விட்ட பின் சில ஆண்டுகள் காற்றைப் படமாக்கிப் பிழைத்தேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மெஸ்ஸின் மாடியில் அலுவலகம். நானும் ஒரு தூத்துக்குடிக்காரரும்தான். அவர் நிரல் எழுதுவார்; நான் படத்தைச் சரிபார்த்து ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவேன்.

சென்னை ரேடாரிலிருந்து எங்களுக்கு வந்தவை எண்கள். எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில், காற்று என்ன வேகத்தில் ரேடாரை நோக்கி வருகிறது அல்லது விலகிப் போகிறது என்பதை அவை சொல்லும். திசையையும் தொலைவையும் அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றி, வேகத்துக்கு நிறம் கொடுத்து, வரைபட மென்பொருளில் உரிய இடத்தில் பொருத்த வேண்டும். சரியாகப் பொருந்தினால் வாலாஜாபாத் சாலையும் தொழிற்சாலைக் கூரைகளும் நிறத்துக்கு அடியில் தெரியும். ரேடாரை நோக்கி வரும் காற்றுக்குப் பச்சை, விலகும் காற்றுக்குச் சிவப்பு. நிறம் அடர்ந்தால் வேகம் அதிகம். வானிலைக்காரர்களின் வழக்கம் அது. நாங்களும் அதையே பின்பற்றினோம்.

ஒரு ஜூன் மாதப் பிற்பகலில், ஒரகடத்தில் புதிய ஷெட் கட்டும் இடத்தின் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். காஞ்சிபுரத்துப் பெண். மேற்கே இருட்டியதும் கூரையில் தகடு பொருத்துகிறவர்களை இறக்கிவிட்டு எங்கள் படத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்.

"படம் வந்துச்சு சார். ரொம்ப தேங்க்ஸ். ஆளுங்கள மேல ஏத்திட்டேன்."

"ஏத்திட்டீங்களா?"

"ஷெட்டு மேல ஃபுல்லா பச்சைதானே சார். நல்ல கரும்பச்சை."

தூத்துக்குடிக்காரர் தன் திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, அது வாலாஜாபாத்ல இருந்து அடிச்சிக்கிட்டு வாரது. முதல்ல இறங்கச் சொல்லுங்க."

ரேடார் எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் சூறைக்காற்று ரேடாரை நோக்கித்தான் வரும். அதனால் அது பச்சையாகத்தான் தெரியும். தொழிற்சாலையிலோ உற்பத்தி லைன் ஓடினால் பச்சை விளக்கு, நின்றால் சிவப்பு. அந்த விளக்குகளுக்குக் கீழே வேலை பார்த்தவர் வேறு எப்படிப் படிப்பார்?

"மேடம், பச்சைன்னா காத்து வருதுன்னு அர்த்தம். கரும்பச்சைன்னா பயங்கர வேகம். எல்லாரையும் இறக்குங்க."

அவர் உடனே போனைக் கையில் வைத்துக்கொண்டே கத்தினார். மேலிருந்து ஒரு குரல் கேட்டது: "இன்னா மேடம், இப்பதான ஏறுனோம். எங்கள வச்சி லிஃப்ட் வுடுறியா?"

"ஆமா, வுடுறேன். எறங்கு."

இணைப்பைத் துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏணியில் பூட்ஸ் தட்டும் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம். பிறகு, "எல்லாரும் எறங்கிட்டாங்க சார்" என்றார். அடுத்துப் பேசியது எதுவும் கேட்கவில்லை. காற்றுதான் கேட்டது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். திருகு போடாத தகடுகள் சில வேலி தாண்டி வயலில் மடங்கிக் கிடந்தன. லிஃப்ட் என்று கேலி செய்தவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பச்சைய போட்டு ஆள ஏத்தறது, அப்பால எறக்கறது. உங்களாண்ட சிக்னல் வேலைய குடுத்தா ஊரே காலி சார்."

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். பாதுகாப்பு அதிகாரியோடு உட்கார்ந்து, எந்தத் தொழிற்சாலை விளக்கிலும் இல்லாத நிறங்களைத் தேடினோம். வரும் காற்றுக்கு ஊதா, போகும் காற்றுக்குப் பழுப்பு என்று முடிவானது.

படம் வரவில்லை என்றால் எங்களைக் கூப்பிடாதவர்கள் இல்லை. வந்ததற்காகக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அந்த நன்றியைச் சொல்லாமல் விட்டிருந்தால் பச்சையை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது; ஆட்கள் கூரையிலேயே இருந்திருப்பார்கள். ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டது வந்துச்சுன்னா வந்துச்சுன்னு சொல்ல வேணாமா சார்?" என்றார், அது ஒரு கேள்வியா என்பதுபோல.