உப்புத் தெருவுக்கு வந்த டெலிபோன்

மரக்காணத்தில் என்னைத் தெரியாதவன் நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியவனாகத்தான் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் அதைக் கைவிடவில்லை. இன்று அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்டர்நெட் லைன் கொடுத்திருப்பது நான்தான். தலைமை ஆசிரியர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார்.

சின்ன வயதில் உப்பளத்தில் தலைச்சுமையாக உப்பு சுமந்தேன். அப்புறம் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துக் கல்யாண வீடுகளில் படம் போட்டேன். அப்புறம் மொட்டை மாடியில் பெரிய டிஷ்ஷை நிறுத்தி, தெருத் தெருவாக ஒயர் இழுத்துக் கேபிள்காரன் ஆனேன். எல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்தது. உப்புக் காற்றுக்குப் பயந்து எத்தனையோ பேர் இந்தத் தொழிலை விட்டு ஓடினார்கள். இங்கே செம்புக் கம்பியை இன்று மாட்டினால் நாலு மழைக்குள் பச்சை பூத்துவிடும். நான் ஓடவில்லை. ஃபைபர் வந்ததும் இந்தக் கரையில் முதலில் இழுத்தவன் நான். அது கண்ணாடி. கண்ணாடியை உப்பு தின்னாது.

ஃபைபரோடு வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். அதிலிருந்துதான் டிவியும் வரும், நெட்டும் வரும். அதன் முதுகில் இன்னொரு சின்ன ஓட்டை இருக்கிறது. டெலிபோன் ஒயரைச் சொருகினால் வீட்டுக்குத் தனியாக ஒரு நம்பர், நாடு முழுக்கப் பேசலாம், பேசுவதற்குத் தனியாகக் காசும் கிடையாது. நெட் வழியாகவே குரல் போகிறது. இதைக் கேட்ட அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கம்பெனியிலிருந்து வந்த ஆபீசர் சிரித்தார்.

"ஐயா, அந்த ஓட்டைய யாருமே தொடறதில்ல. எல்லார் பாக்கெட்லயும் செல்லு இருக்குது. இன்னும் யாருங்க வீட்டுல போன் வைக்கிறாங்க?"

"வைப்பாங்க, பாத்துக்கினே இருங்க" என்றேன்.

அந்த வேகத்தில் திண்டிவனத்தில் ஏதோ ஒரு ஆபீசைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே கிடந்த டெலிபோன்களை மூட்டையாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பெரிய பட்டன் வைத்த நல்ல கனமான போன்கள். உள் அறையில் சுவரோரம் அடுக்கினேன். கேட்க ஆள் வரவில்லை. என் வீட்டுக்காரம்மா பெருக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டாள்.

"ஏங்க, இன்னும் ஒரு மூட்ட வாங்கிட்டு வந்தீங்கன்னா இத வச்சே ஒரு ரூம்பு கட்டிடலாம்."

"யான மாதிரி காத்திருக்கணும்டி, தொழில்ல."

"யான எடத்த அடைக்கும். அது ஒண்ணுதான் ஒத்துப்போவுது."

அப்படி இருக்கும்போதுதான், நல்ல வெயில் காலத்தில், உப்பளத்தை ஒட்டின கடைசித் தெருவிலிருந்து படம் நின்று நின்று வருகிறது என்று புகார் வந்தது. லைன்மேன் லீவு. நானே போனேன். இந்த வயதிலும் ஏணி ஏறுவேன்.

அந்த வீட்டுக்காரி உப்பளத்தில் வேலை செய்கிறவள். தாவணி போட்ட நாளிலிருந்து உப்பு வாருகிறாள். புருஷன் இல்லை. ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டு அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். இவளுடைய அப்பாவும் நானும் ஒரே வரப்பில் உப்பு சுமந்தவர்கள். அதனால் என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். மரியாதை அவ்வளவோடு சரி.

"வா அண்ணே. உன் கேபிள் போஸ்டர்ல மட்டும் பெரிசா சிரிக்கிற, பொட்டியில படம் வரமாட்டேங்குது."

பழைய இணைப்பைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசல் நிலையில் ஆணி அடித்து ஒரு ஒயர் கூடை தொங்கியது. அந்த இடத்தில் மட்டும்தான் அவள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் என்பதால் செல்போனுக்கு அதுதான் குடித்தனம். மகள் பொங்கலுக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்த டச் போன். முன்னே இருந்த பட்டன் செல் உப்புத் தண்ணீரில் விழுந்து செத்ததாம்.

அந்த போன் அடித்தது.

அவள் போட்டது போட்டபடி ஓடினாள். கையைப் புடவையில் துடைத்தாள். பச்சை வட்டத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்தாள். அது அசையவில்லை. திரும்பவும் துடைத்தாள், திரும்பவும் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். மணி நின்றுபோனது.

"பாரு, கட் பண்ணிட்டா" என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அவ கட் பண்ணல தங்கச்சி. நீதான் எடுக்கல."

"நான்தான் தேய்ச்சனே! நீயும் பாத்துக்கினுதான இருந்த?"

பார்த்தேன். அவள் விரலையும் பார்த்தேன். உப்பிலேயே கிடக்கிற விரல் நுனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வெள்ளையாகக் காய்ந்து, தடித்து, ரேகையே அழிந்துபோய், ரேஷன் கடை மெஷினில் வைத்தால் அது இவள் யாரோ என்று சொல்லிவிடும். அந்த மெஷினுக்குத் தெரியாத விரல் இந்த போனுக்கு மட்டும் தெரியுமா? என் விரலை வைத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

"மக என்னமோ அவசரமா கூப்புடறாப்புல இருக்குதே?"

போனைப் புடவையில் துடைத்தாள். அப்புறம் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மகள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று போன வாரம் போனில் சொன்னாளாம். அன்றைக்கு போனை எடுத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரி. கொடுத்தவள் நகராமல் அங்கேயே நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இவள் எதுவும் பேசாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு மகள் கூப்பிடுகிறாள், இவளால் எடுக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் கூப்புடுவன், நீ பேசலன்னா உனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சிக்கிறன், நாங்களே ரிஜிஸ்டர் பண்ணிக்கிறம்னு அன்னிக்கே சொல்லிட்டா அண்ணே. சொன்னா செய்வா. அவ அப்பன் மாதிரி."

அன்று வெள்ளிக்கிழமை.

"நீ இன்னா சொல்லப்போற?"

"அத அவகிட்ட சொல்லிக்கிறன். உங்கிட்ட சொன்னா நாளைக்கு லோக்கல் சேனல்ல கீழ ஓடும்."

என் லோக்கல் சேனலில் படத்துக்குக் கீழே பிறந்த நாள், இறப்பு, காணாமல் போன ஆடு எல்லாம் எழுத்தாக ஓடும். ஊரில் எல்லோரும் பார்ப்பார்கள். அதைத்தான் சொல்லிக் காட்டினாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த போனை வாங்கி நானே திருப்பிக் கூப்பிட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. ஷிப்ட்டுக்கு உள்ளே போய்விட்டால் செல்லை வார்டனிடம் கொடுத்துவிட வேண்டுமாம். நாளைக்கு வந்து நானே எடுத்துக் கொடுக்கிறேன் என்றால் அதற்கும் தலையாட்டவில்லை.

"எடுத்துக் குடுத்துட்டு நீயும் நின்னு கேப்ப. அதுக்குப் பக்கத்து வூட்டுக்காரியே தேவல."

அப்போதுதான் என் வீட்டு உள் அறைச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது.

"தங்கச்சி, உனக்கு ஒரு போன் குடுக்கிறன். தூக்கினா பேசலாம். தேய்க்கவே வேணாம்."

"ஒயரு வச்ச போனா? அதெல்லாம் ஆபீசுல இருக்கறது."

"உன் வூடும் ஆபீசுதான். நீதான் மேனேஜரு."

சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவள் தெருவுக்கு அதுவரை பழைய கேபிள் ஒயர்தான். ஃபைபர் உப்புக் கொட்டகைக் கம்பத்தோடு நின்றிருந்தது. சனிக்கிழமை முழுக்க நானும் லைன்மேனும் அங்கிருந்து இழுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியை மாட்டினேன். என் வீட்டுக்காரம்மாவே சுவரிலிருந்து ஒரு சிவப்பு போனைத் தேர்ந்தெடுத்துத் துடைத்து எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். ஒரு செங்கல்லாவது குறையட்டும் என்றாள்.

டிவி வந்தது. நெட் வந்தது. போனுக்கான விளக்கு மட்டும் எரியவில்லை. காதில் வைத்தால் பானைக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு சத்தமும் இல்லை. கம்பெனி பக்கம் நம்பரைத் திறந்துவிட வேண்டும். ஆபீசரைக் கூப்பிட்டேன். அவர் கிளியனூரில் ஒரு கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நாளைக்குப் பண்ணித் தர்றேன்."

"நாளைக்கு வேணாங்க. இன்னிக்கு அந்தப் பொண்ணு கூப்புடற கடைசி நாளு."

"எந்தப் பொண்ணு?"

"சாப்ட்டு முடிச்சிட்டுப் பண்ணுங்க. பாயசம் குடிச்சிட்டே பண்ணுங்க. ஆனா இன்னிக்குப் பண்ணுங்க."

நல்ல மனுஷர். கை கழுவியதும் யாரையோ பிடித்து ஏற்பாடு செய்தார். காத்திருந்த நேரம் முழுக்கத் தங்கச்சி கூடையைப் பார்ப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தாள். நடுவில் ஒரு தடவை அந்தக் கூடை அடித்தது. என் வீட்டுக்காரம்மா எழுந்தாள். தங்கச்சி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மணி அடித்து ஓய்ந்தது. இன்னொருத்தர் எடுத்துக் கொடுத்துப் பேசக் கூடாது என்று அவ்வளவு வைராக்கியம். 

வெயில் இறங்குகிற நேரத்துக்கு விளக்கு பச்சையானது. ஒரு லைன் போட்டால் டெஸ்ட் கால் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். இதைவிட நல்ல டெஸ்ட் ஏது? அவள் செல்லிலிருந்து மகள் நம்பரை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் அழுத்தினாள். ஒவ்வொரு பட்டனும் கிக் என்றது.

"அமுத்தினா கேக்குதுண்ணே! சொன்ன பேச்ச கேக்குது!"

அந்தப் பக்கம் மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் மகள். அந்த ஆபீஸ் போனுக்குச் சத்தம் ஜாஸ்தி, எனக்கே கேட்டது.

"ஹலோ? யாருங்க? ஆஸ்பத்திரியா? எங்கம்மாவுக்கு இன்னா ஆச்சி?"

நம் ஊர் எஸ்.டி.டி. கோடு போட்ட லேண்ட்லைன் நம்பரைப் பார்த்ததும் அவள் பயந்துவிட்டாள். ஊரிலிருந்து அப்படி ஒரு நம்பரில் வேறு யார் கூப்பிடுவார்கள்?

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆவலடி. அம்மாதான் பேசறன்."

 லைன் போய்விட்டதோ என்று பெட்டியைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து அழுகையும் கோபமுமாக வந்தது.

"ஏம்மா எடுக்கல? எத்தினி வாட்டி அடிச்சன்? எம்மேல கோவத்துலதான் எடுக்காம இருக்கறன்னு..."

"நீ கட் பண்றன்னு நான் நெனச்சிக்கினு இருந்தன். அந்த போனு என் வெரல மதிக்கலடி." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, டெஸ்ட்டு பண்ணிட்ட இல்ல? வெளியில போ."

போனேன். என் வீட்டுக்காரம்மாவும் வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்றை அவள் மறந்துவிட்டாள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. காற்று அடிக்கிற வெட்டவெளியில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கத்திக் கத்தியே பழகின தொண்டை. மகள் திருப்பூரில் இருக்கிறாள் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பேசினாள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு புடைக்காமல் நின்றாள்.

"பையன் எந்த ஊரு? ...எந்த ஊரு? ...பிரம்மதேசமா? அடிப்பாவி! பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி திருப்பூரு போயி பிரம்மதேசத்துப் பையனயா புடிச்ச? இங்கயே இருந்திருந்தா சைக்கிள்லயே போயி பாத்துட்டு வந்திருக்கலாமேடி!"

தெரு சிரித்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

"நெல்லு வெளையற வூடு. உப்பளத்துக்காரி பொண்ணுன்னு எளக்காரமா பாக்க மாட்டாங்களா? ...அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டானா? ...இன்னா சொன்னாங்க? ...அப்பிடியா சொன்னாங்க?"

 பக்கத்து வீட்டுக்காரி இரண்டடி முன்னால் வந்தாள்.

"ரிஜிஸ்டரு ஒண்ணும் வேணாம். நானில்லாம ஒரு கல்யாணமாடி? வரச் சொல்லு அவங்கள. வரச் சொல்லுடின்னா... நான் அன்னிக்கே சரின்னுதான் சொல்ல இருந்தன். பக்கத்துல ஆளு நின்னுகினு இருந்தா."

முறம் வைத்திருந்தவள் உள்ளே போய்விட்டாள்.

"ஏங்க, கீழ ஓட விடலியா?" என்றாள் என் வீட்டுக்காரம்மா.

"எதுக்கு? அதான் நேரடி ஒளிபரப்பே ஆயிடுச்சே."

பிரம்மதேசத்துக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பேசினார்கள். கல்யாணம் மரக்காணத்திலேயே நடந்தது. மேடையில் முதல் வரிசை போட்டோவில் நான் இருக்கிறேன். பந்தியில் அந்த ஆபீசரும் சாப்பிட்டார். பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் என் உள் அறைச் சுவர் கரைந்தது. தேய்க்க வராத விரல் அந்தத் தெருவில் அவளுக்கு மட்டுமா? ஒவ்வொருத்தியாக வந்து தூக்குகிற போன் இருக்குதா என்று கேட்டார்கள். உப்புக் கொட்டகையிலும் ஒன்று வைத்தேன். முன்பெல்லாம் இருட்டோடு எழுந்து உப்பளம் வரைக்கும் நடந்துபோய், ராத்திரி மழையில் பாத்தி நிறைந்துவிட்டது, இன்றைக்கு வேலை இல்லை என்று தெரிந்துகொண்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். இப்போது கொட்டகையிலிருந்து மேஸ்திரி போன் போட்டுவிடுகிறார். வேலை இல்லாத நாளில் இன்னும் கொஞ்சம் தூங்குகிறார்கள். அந்தத் தூக்கத்தைக் கொடுத்தவன் நான் என்று நான் சொன்னால் யாராவது மறுக்கட்டும் பார்க்கலாம். இப்போது வேறு ஊர்க் கேபிள்காரர்களுக்கெல்லாம், மரக்காணத்தில் போய்ப் பாருங்கள் என்று அந்த ஆபீசரே சொல்கிறாராம்.

மகள் இப்போது புருஷனோடு திருப்பூரில் தனி வீடு எடுத்திருக்கிறாள். அம்மா உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவுகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். போன வாரம் ஒரு பெட்டி மாற்ற அந்தத் தெருவுக்குப் போனேன். சிவப்பு போன் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நின்று நிதானமாகப் புடவை நுனியை உதறிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, போன் அடிக்குது!"

"தெரியுது அண்ணே."

"அப்பறம் எடுக்கறதுதான?"

பக்கத்து வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்தாள். முறம் வைத்திருந்தவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்தா நின்னுடும் இல்ல? கொஞ்ச நேரம் அடிக்கட்டும்" என்றாள்.

அப்புறம் பழைய பழக்கத்தில் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.