ராமுத்தாயின் வேட்புமனு

செங்கரட்டுப்பட்டியில் ராமுத்தாயைப் பற்றிக் கேட்டால் "அவளா, வாய்க்காரி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். நாற்பத்தெட்டு வயதுக்குள் அவள் வாய்விட்டுக் கேட்ட கேள்விகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பெண்பிள்ளை கேட்டால் ஒன்றே பத்தாகத்தான் ஊருக்குக் கேட்டது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினான்கு வயதில் அம்மாவோடு கம்பம்மெட்டு ஏறியவள் அவள். ஏலக்காய்த் தோட்டமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில். வீடும் ஓட்டும் இந்தப் பக்கம். காலை நாலரைக்கு மெயின்ரோட்டில் ஜீப் வந்து நிற்கும். பத்துப் பேர் உட்காரக்கூடிய இடத்தில் பதினாறு பேர் நெருக்கிக்கொண்டு போவார்கள். நாளெல்லாம் செடியடியில் குனிந்து காயெடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் இறங்குவார்கள். முப்பத்துநாலு வருடம் இதுதான் அவள் பிழைப்பு. புருஷன் அழகுமலை திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார்.

ஜீப்புக்குப் போகும் பெண்களில் பாதிப் பேர் ஓடைத்தெரு. அங்கிருந்து மெயின்ரோட்டுக்கு ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதைதான் வழி. அங்கே விளக்குக் கம்பத்தில் பல்பு எரிந்து இரண்டு வருடமாகிறது. ஆடி மழையில் சந்தனம்மாள் அங்கே வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். அந்தக் காயெடுப்பு முழுக்கக் கட்டிலில் கிடந்தாள். ராமுத்தாய் பஞ்சாயத்து ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தாள். மூன்று தடவையும், "உங்க வார்டு மெம்பர்ட்ட சொல்லுத்தா" என்றார்கள். மெம்பரோ கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்தார்.

அடுத்த தேர்தலில் ஓடைத்தெரு இருக்கும் மூன்றாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருப்பதாகச் செய்தி வந்தது. அன்று சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"நா நிக்கலாம்னு இருக்கேன்."

அழகுமலைக்குப் புரையேறியது. "ஓட்டுப் போடுறது பத்தாதுன்னு வாங்க வேற செய்யணுமாக்கும்?"

"ஏன், வாங்குனா கை கடிச்சிருமா?"

"கை கடிக்காது. ஊரு கடிக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த ஊரில் வார்டுக்குப் போட்டி நடந்ததே கிடையாது. மனுத்தாக்கலுக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் ஆம்பளைகள் கூடி, வார்டுக்கு ஒரு ஆள் என்று பேசி முடிப்பார்கள். மற்ற யாரும் மனுப்போடக் கூடாது. சண்டை சச்சரவு இல்லாத ஊர் என்று அதிலே ஒரு பெருமை வேறு. இந்தத் தடவை மூன்றாவது வார்டுக்கு வீரணனின் மருமகள் சிம்ரன் என்று முடிவாகியிருந்தது. வீரணன் ஊர்ப் பெரியவர். ஓடைத்தெருப் பெண்கள் ஏறிப்போகும் ஜீப்பும் அவருடையதுதான்.

மனுவில் முன்மொழிய அதே வார்டில் ஓட்டிருக்கும் ஒருவர் கையெழுத்து வேண்டும். ராமுத்தாய் நான்கு வீடு ஏறினாள். "எங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டுச் சொல்றேன்க்கா" என்றவர்கள் அப்புறம் சொல்லவேயில்லை. கடைசியில் நாத்தனார் மகாலட்சுமிதான், மாவாட்டிக்கொண்டிருந்தவள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இங்கனயா மதினி? சந்தனம்மாளத் தூக்கிட்டு வந்தப்ப நானுந்தான ஒரு பக்கம் பிடிச்சேன். குடுங்க." கையெழுத்துப் போட்டாள். தாளின் ஓரத்தில் மாவு ஒட்டிக்கொண்டது.

ராமுத்தாய் தயங்கினாள். "கர்ணன் ஒன்னும் சொல்ல மாட்டாரா?" மகாலட்சுமியின் புருஷன் கர்ணன்தான் வீரணனின் ஜீப்பை ஓட்டுகிறவன்.

"அவரு ஜீப்பத்தான ஓட்டுறாரு. என்னையுமா?" என்று சிரித்தாள்.

மனுக்கொடுத்த அன்று சாயங்காலமே வீரணன் அவள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. காப்பி வாங்கிக் குடித்தார். அழகுமலையின் இருமலை விசாரித்தார்.

"ஊரு கூடிப் பேசுனத மீறுனா நல்லா இருக்காதுத்தா."

"கூடுனதுல பொம்பளைக யாரும் இல்லையேண்ணே. பொம்பள வார்டுதான?"

"சிம்ரனும் பொம்பளதான?"

"தேனியில இருக்குற பிள்ளைக்கு ஓடைத்தெரு எந்தப் பக்கம்னு தெரியுமா? எரியாத பல்பு எதுன்னு தெரியுமா?"

"பல்புதான? நாளைக்கே போடச் சொல்றேன்."

"ரெண்டு வருசமா எங்க போச்சுண்ணே அந்த நாளைக்கு?"

வீரணன் டம்ளரைக் கீழே வைத்தார். "நா ஒன்னும் சொல்லலத்தா. ஊரு சொல்றதச் சொல்லிட்டேன்."

மறுநாள் ஜீப்பில் ஏறப்போனவளைக் கர்ணன் முகம் பார்க்காமலே தடுத்தான். "ஆளு நெறஞ்சிருச்சு." உள்ளே இரண்டு பேருக்கு இடமிருந்தது. அடுத்த நாளும் அதேதான். காயெடுப்பு மும்முரமாக இருந்த நேரம். அழகுமலை மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டதை அவள் பார்த்தாள். இருந்தும் மனுவை வாபஸ் வாங்கும் எண்ணம் அவளுக்கு வரவில்லை.

மனுப் பரிசீலனைக்கு ஒன்றிய அலுவலகத்துக்குத் தனியாகத்தான் போனாள். சுவரில் அரசியல் சாசனத்தின் முகப்புரையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். சுதந்திரம், சமத்துவம் வரைக்கும் படிக்க முடிந்தது. அதற்குக் கீழே வெயில் பட்டுக் கண் கூசியது. எட்டாம் வகுப்பில் இதை மனப்பாடமாக ஒப்பித்து டீச்சரிடம் பென்சில் வாங்கியவள் அவள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. வீரணனும் சிம்ரனும் இறங்கினார்கள். பின்னால், தலையைக் குனிந்தபடி மகாலட்சுமி. கர்ணன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை.

அதிகாரி பெயரைக் கூப்பிட்டார். "மூணாவது வார்டு. ராமுத்தாய் மனுவுக்கு ஆட்சேபம் வந்திருக்கு. முன்மொழிஞ்ச மகாலட்சுமி யாரும்மா?"

"நாந்தான் சார்."

"இது உங்க கையெழுத்தா?"

தாளை அவள் பக்கம் திருப்பினார். ஓரத்தில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. ராமுத்தாய்க்கு அது தெரிந்தது. மகாலட்சுமிக்கும் தெரிந்திருக்க வேண்டும், அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்."

"மகா," என்றாள் ராமுத்தாய். "நல்லாப் பாத்துச் சொல்லு ஆத்தா."

"எங்கையெழுத்து இல்ல சார். எனக்கு ஒன்னும் தெரியாது."

"நீங்க ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்று அதிகாரி ராமுத்தாயைக் கேட்டார்.

சொல்வதற்கு இருந்தது. மாவைக் காட்டலாம். போன தேர்தலில் மகாலட்சுமி போட்ட கையெழுத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் பொய் சொன்னவளாகிவிடுவாள். கர்ணனுக்கு வண்டி ஓட்டும் வேலை போகும். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன. வாய்க்காரி என்று பேரெடுத்தவளுக்கு அன்று வாய் வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். அதிகாரி சிவப்பு மையால் 'தள்ளுபடி' என்று எழுதி முத்திரை குத்தினார்.

இரண்டு நாள் கழித்து நாலரைக்கு அவளாகவே மெயின்ரோட்டில் போய் நின்றாள். கர்ணன் ஜீப்பை நிறுத்தினான். "ஏறுங்கத்தாச்சி" என்றான், ஒன்றும் நடக்காதது மாதிரி. ராமுத்தாய் ஒரு நிமிஷம் நின்றாள். அழகுமலையின் மாத்திரை அட்டை காலியாகியிருந்தது. ஏறினாள். உள்ளே இருந்த மகாலட்சுமி நகர்ந்து இடம் விட்டாள். வளைவுகளில் ஜீப் சாயும்போதெல்லாம் இருவர் தோளும் இடித்துக்கொண்டன.

ஓட்டுப்பதிவு அன்று பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்று தாள்களை மடித்துக் கொடுத்தார். தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. ராமுத்தாய் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"வார்டுக்கு ஒன்னு குடுப்பீகளே சார்?"

அவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். "மூணாவது வார்டாம்மா? அங்க போட்டி இல்ல. ஒரே ஆளுதான் நின்னாங்க."

"ஒரே ஆளா?"

"ஆமாம்மா. அந்தப் பக்கம் போங்க, பின்னால ஆளு நிக்குது."

அவள் மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போனாள்.