ரெஜி அண்ணையின் ஐந்து மேசைகள்

இன்று காலை பாண் துண்டுகளுக்குப் பூச உருக்க வைத்த பட்டரை மறந்துவிட்டு வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். எதற்கு நடந்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. திரும்பி வந்தபோது பட்டர் மண்ணிறமாகி, அதில் கிடந்த கறிவேப்பிலை பொரிந்து, அந்த வாசனை எழுந்தது. அடுப்பை நிறுத்திவிட்டேன். அதன்பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

அது ரெஜி அண்ணையின் கடை வாசனை. கடை என்றால் அவருக்குக் கோபம் வரும். "ரெஸ்ரோறன்" என்று மூக்கால் சொல்லுவார். பாதி வயதைப் பரிஸ் சமையலறைகளில் கழித்துவிட்டு வந்து, குருநகரில் கடலைப் பார்த்த தன் வீட்டு முன்னறையில் ஐந்து மேசை போட்டார். என் முதல் வேலை அங்கேதான். பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் என்ற பேச்சே இல்லை. நானோ வெள்ளிக்கிழமைகளில்தான் அதிகம் மீன் வெட்டினேன். அம்மா என்னைக் கிணற்றடியிலேயே மறித்து, தலைமுழுக வைத்துத்தான் உள்ளே விடுவா.

ஒடியல் கூழ் தெரியுமல்லவா? பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் இறாலும் போட்டுக் கலங்கலாகக் காய்ச்சுவது. ரெஜி அண்ணை அந்த மீன்சாற்றை முட்டை வெள்ளைக்கருவால் தெளியவைத்து, துணியில் வடித்து, பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் கொடுப்பார். பிறகு விளைமீன் துண்டு ஒன்று, அதன்மேல் கறிவேப்பிலை பொரிந்த பட்டரில் பழப்புளி சேர்த்த சோஸ். எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கும். ஊர்ச் சனம் தட்டுத் தட்டாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு என்னை இரகசியமாகக் கூப்பிடும்.

"பிள்ளை, சோறு எப்ப வரும்?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடுவேன்.

கனடாவிலிருந்து வந்தவர்களும் கொழும்புக்காரர்களும் புகழ்ந்து தள்ளினார்கள். அண்ணைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஓர் ஆளின் வாய்ச்சொல். அவருடைய தகப்பன் சூசையப்பு, எங்கள் எல்லாருக்கும் அப்பு, கடலுக்குப் போய் ஓய்ந்த மனுசன், பக்கத்துத் தெருவில் மகளோடு இருந்தார். "உவன் எங்கை இஞ்சை இருக்கப்போறான்? நாளைக்கே பிளேன் ஏறிடுவான்" என்று சொல்லி வாசலே மிதிக்கவில்லை. அண்ணை பின்னேரமானால் வாசலுக்கும் குசினிக்குமாக நடப்பார். என்னைவிட மோசம்.

ஒருநாள் அப்பு வந்தேவிட்டார், பெருநாளுக்குக் கட்டும் வேட்டியோடு. அண்ணை கோட்டுப் பொத்தான்களைச் சரிபார்த்து, சாற்றைத் தானே கொண்டுபோய் வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பு இருந்த கதிரைக்குப் பின்னால் நின்றார். பரிஸ் பழக்கம். அப்பு குடித்தார். திரும்பிப் பார்த்தார்.

"நீயும் வந்து இரன்ரா."

"நீங்கள் சாப்பிடுங்கோ அப்பு. நான் நிக்கிறன்."

மீனை நான் கொண்டுபோய் வைத்தேன். அப்பு ஒரு துண்டை வாயில் வைத்தார். மறுபடி திரும்பினார். அண்ணை அசையவில்லை. அப்பு எழுந்தார், குசினியைக் கடந்து பின்வளவுக்கே போய்விட்டார். அங்கே என்னோடு வேலை செய்த பெண்கள் நீள வாங்குப் பலகையில் நெருக்கி உட்கார்ந்து மீன்தலைக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் அரக்கி இருங்கோ பிள்ளையள்" என்று அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

குசினி வாசலில் நின்று பார்த்த அண்ணையின் முகம் செத்துப்போனது. "என்ரை சமையல் அப்புக்குப் பிடிக்கேல்லை, தங்கச்சி." இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். சோஸை மாற்றினார், மேசைகளை இடம் மாற்றினார், எதிலும் மனம் நிலைக்கவில்லை. மாரி தொடங்கப் பரிஸுக்கே போய்விட்டார்.

சில கிழமைகள் கழித்து மீன்சந்தையில் அப்புவைக் கண்டேன்.

"அவன் வைச்ச சாறு என்ன ருசி, பிள்ளை! இன்னும் நாக்கிலை நிக்குது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஏன் எழும்பிப் போனனீங்கள்?"

"பெத்த பிள்ளை பின்னாலை நிக்க நான் எப்பிடித் தின்னுறது? எங்கடை வீட்டிலை ஒராளை நிக்க வைச்சிட்டு மற்றாள் சாப்பிட்டதில்லை."

வீட்டுக்குப் போகும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை. சந்தை வாசலிலேயே நின்று பரிஸுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அண்ணை இரண்டு தரம் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டார். பிறகு, "தை பிறக்க வாறன். ரெண்டுபேருமா இருந்து சாப்பிடுவம் எண்டு அப்புவிட்டைச் சொல்லு" என்றார். சொன்னேன். அப்பு சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

ரெஜி அண்ணை தை பிறக்குமுன்பே வந்தார், அப்புவின் செத்தவீட்டுக்கு. பிறகு மேசைகளை விற்றார், வீட்டையும் விற்றார். இப்போது அந்த முன்னறையில் போன் கடை நடக்கிறது. ஆனால் விற்பதற்கு முன், அடக்கம் முடிந்த அன்று, மகளின் வீட்டில் இடம் போதாமல் சனத்துக்கு ரெஸ்ரோறன் பின்வளவில்தான் சோறு போட்டோம். அண்ணை தட்டோடு வந்து, அன்று அப்பு இருந்து சாப்பிட்ட அதே வாங்கில் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார். அங்கே போய் உட்கார எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.