தார்ப்பாய் தம்பியிடம் விசாரித்தது

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தி வை என்பார்கள். என் தம்பி சகாயராஜுக்கு அதில் ஒன்றுகூடச் சொல்ல வராது. அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் நான் பெண் தேடினேன். என் தலையெழுத்தை என்னவென்று சொல்ல.

சின்ன வயதிலிருந்தே அவனிடம் ஒரு சொல்லைச் சொன்னால் அந்தச் சொல் மட்டும்தான் போய்ச் சேரும். அதற்குப் பின்னால் நாம் ஒளித்து வைத்திருக்கும் அர்த்தம் வழியிலேயே நின்றுவிடும். ஒரு நாள் அம்மா ஏதோ கோபத்தில், போய்த் தொலை என்றாள். இவன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தொலைந்து போவதற்கு எந்த பஸ் என்று ஒரு கண்டக்டரிடம் கேட்டிருக்கிறான். அந்த மனுஷன் நல்லவர். கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். தொலைய விடவில்லை என்று இவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான்.

நான் ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுசில் சமைக்கிறேன். அங்கே வந்து தங்கிய ஒரு டாக்டரம்மா தம்பியோடு பேசிப் பார்த்துவிட்டு, இது ஆட்டிசமாக இருக்கும், பாண்டிச்சேரியில் காட்டு என்றார். காட்டினோம். அதேதான். இது நோயில்லை, அவன் மூளை வேலை செய்கிற விதம் வேறு, அவனை மாற்றப் பாடுபடாதே, அவனுக்கு ஒத்து வருகிற வேலையைத் தேடு என்றார் அந்த அம்மா. நான் வந்து தெருவில் நாலு பேரிடம் சொன்னேன், அதுதான் நான் செய்த தப்பு. மறுநாள் ஊர் முழுக்க, சகாயராஜ் ஆட்டோ எடுத்திருக்கிறான் என்று பேச்சு. எனக்கு ஆட்டோ இல்லை, ஆட்டிசம்தான் இருக்கிறது என்று இவன் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கினான். சரி, அது எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள். பிரம்மதேசம் கோயிலுக்குப் போக ஒரு குடும்பமே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றது.

உப்பளத்து வேலை அவனுக்கு ஆகவில்லை. வெயிலில் உப்பு பளபளப்பது அவன் கண்ணுக்குள் குத்தும். அரவை மில்லில் போட்டால் சத்தம் தாங்காமல் ஓடி வந்துவிடுவான். கடைசியில் ஈசிஆர் ரோட்டில் உப்பு லாரிகளுக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுகிற வேலையில் போய் ஒட்டிக்கொண்டான். எல்லா முடிச்சும் ஒரே மாதிரி விழ வேண்டும். ஒன்று பிசகினால் அத்தனையும் அவிழ்த்து முதலிலிருந்து கட்டுவான். டிரைவர்கள் ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான், ஹாரன் நின்றால்தான் கை கயிற்றுக்குப் போகும். ஒரு ஐப்பசி மழையில் மற்ற லாரிகளின் உப்பு பாதி கரைந்து ரோட்டோடு ஓடியது. இவன் கட்டிய லாரியில் ஒரு மூட்டை நனையவில்லை. அன்றிலிருந்து பெரிய பெரிய மீசைக்கார டிரைவர்களெல்லாம் சத்தம் போடாமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தார்ப்பாய் தம்பி இருக்கிறாரா என்று கேட்கிறார்கள். அவன் சொந்தப் பெயரே பலருக்கு மறந்துவிட்டது.

லாரி நிற்கிற இடத்தில்தான் தாஜுதீன் பாயின் டீக்கடை. எங்கள் பக்கம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். டீயை ஆற்றிக்கொண்டே, இந்த ஊரில் இன்னார் மகன் என்று ஒரு பையன், என இழுப்பார்கள். தங்கமான பையன் என்று சொல்லிவிட வேண்டும். நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைக்கும் எவனாவது அப்படிச் சொல்ல வேண்டுமே.

சிலம்பரசனை விசாரிக்க வந்தவர்கள், அவன் கெட்ட நேரம், என் தம்பியைக் கேட்டுவிட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை குடிப்பான். திங்கக்கிழமை அழுவான்" என்றான்.

சம்பந்தம் அங்கேயே முறிந்தது. சிலம்பரசன் அடிக்க வந்தான். செவ்வாய்க்கிழமை நீ நல்லவன்தான், அதை அவர்கள் கேட்கவில்லை என்று இவன் சமாதானம் சொன்னான். அடுத்து மணிவண்ணனை விசாரிக்க வந்தார்கள். முன்கோபி என்று ஊரே ஒதுக்கிய பையன். அவன் கத்துவான், கத்தி முடித்ததும் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்குச் சோறு ஊட்டுவான், தினமும் பார்க்கிறேன் என்று இவன் அதே குரலில் சொன்னான். அந்தக் கல்யாணம் நடந்தது, அவர்கள் நன்றாகவும் இருக்கிறார்கள். கெட்டதைச் சொல்கிற வாய்தான் நல்லதையும் சொல்கிறது என்று ஜனங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? வானூரிலிருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். விசாரிக்க வருகிறவர்களுக்கென்றே பாய் தனி பெஞ்சு போட்டார். கல்யாண வயதுப் பையன்கள் என் தம்பியைக் கண்டால் பீடியை அணைத்தார்கள். ஒருத்தன் இவன் பார்க்கிற மாதிரி ஒரு வயதான அம்மாவைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தான். அந்த அம்மாவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை, திட்டிக்கொண்டே திரும்பி வந்தது. சிலம்பரசன் குடியை விட்டுவிட்டு வாராவாரம் வந்து இவன் மூக்கருகில் வாயை ஊதிக் காட்டினான்.

ஊருக்கெல்லாம் கல்யாணம் ஆனது. இவனுக்கு? பெண் வீட்டார் வந்து உட்கார்ந்த உடனேயே தன் குறைகளை வரிசையாக ஒப்பித்துவிடுவான். வந்த சம்பந்தமெல்லாம் அப்படியே எழுந்து போயிற்று. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நானும் கண்ணை மூடிவிட்டால் இவன் சொல்வதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ள ஒரு உயிர் இருக்காதே என்பதுதான் என் கவலை.

அந்த நேரத்தில்தான் வானூர்ப் பக்கத்திலிருந்து பிலோமினாவின் வரன் வந்தது. புருஷனை இழந்தவள். அந்தப் புருஷன் டீத்தண்ணியைத் தவிர வேறெதையும் தொட மாட்டான் என்று ஒரு ஊரே சத்தியம் செய்து அவளைக் கட்டி வைத்தது. அவன் குடித்தே செத்தான். இந்த முறை நான் கோட்டை விடுவதாக இல்லை. தம்பியின் போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்து, வெளுப்பாக்கி, கோட்டு மாட்டி, பின்னால் பனிமலை வைத்து அனுப்பினேன். அதைப் பார்த்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. தம்பியிடம், பெண் வீட்டார் எதிரில் வந்தால் நீ யார் என்று மட்டும் சொல்லாதே என்றேன். யார் என்று தெரியாவிட்டால் பேச்சே எழாது என்பது என் சாமர்த்தியம்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். உண்மையைச் சொல்கிற தார்ப்பாய் தம்பி யார் என்று கேட்டார் பெரியவர். பாய் கையைக் காட்டினார்.

"சகாயராஜ்னு ஒரு பையன். லூர்துமேரின்னு ஒரு அக்கா இருக்காங்களாம். ஆளு எப்படிங்க தம்பி?"

லூர்துமேரி நான்தான். டீ மூக்கில் ஏறிவிட்டது. பாய் முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தார், அவர் தோள் குலுங்கியது.

தம்பி கயிற்றைப் பார்த்தபடி யோசித்தான். நான் சொன்ன சொல்லை அவன் மீறமாட்டான், பாவி.

"மூஞ்சைப் பார்த்துப் பேச மாட்டான்" என்றான்.

குடிப்பானா என்று கேட்டார். அந்த நாற்றமே அவனுக்கு ஆகாது, மீன் குழம்பு நாற்றமும் ஆகாது என்றான். கடற்கரையில் பிறந்தவனுக்கு மீன் ஆகாதா என்று பெரியவர் வாயைப் பிளந்தார். மிக்சி ஓடினால் வீட்டை விட்டு வெளியே போய்விடுவான் என்றான். மைக் செட்டு போட்டால் யார் கல்யாணத்துக்கும் போக மாட்டான், அவன் கல்யாணமாக இருந்தாலும் போக மாட்டான் என்றான். நான் பாயின் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டினவளை எப்படி வைத்துக்கொள்வான் என்று மகள் கேட்டாள். அவள் தொடக்கத்திலிருந்தே இவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது கயிற்றை விட்டு எழவே இல்லை.

"தெரியலைங்க. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. அவ என்ன சொல்றாளோ அதைக் கேப்பான். மனசுல ஒண்ண வெச்சிக்கிட்டு வேற ஒண்ணு சொன்னா அவனுக்குப் புரியாது. அவளுக்கு அழுகை வந்தா எதுக்குன்னு சொல்லிட்டு அழணும்."

பெரியவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அவனுக்குக் கொடுப்பீர்களா என்றார்.

"எங்க வீட்ல அக்கா மட்டும்தாங்க. அதோ டீ குடிக்கிது. அதை அவனுக்குக் குடுக்க முடியாது. அவனுக்கும் அதுதான் அக்கா."

பெரியவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்த பனிமலைப் போட்டோவை எடுத்துப் பார்த்தார். பிறகு வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்குத் தெரியாது? தம்பிக்குத் தெரியாது. எந்தக் கிழமை சொல்லி அனுப்புவீர்கள் என்று கேட்டான். அந்தக் கிழமை லாரி வந்தாலும் கயிறு கட்டாமல் காத்திருப்பதாகச் சொன்னான். பெரியவர் தலையைச் சொறிந்தார்.

பிலோமினா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லி அனுப்புறோம்னா வேணாம்னு அர்த்தங்க."

"அப்ப ஏன் வேணாம்னு சொல்லலை?"

"உங்க மனசு கஷ்டப்படும்னு."

"இப்பவும் கஷ்டமாத்தான் இருக்குது" என்றான்.

அவன் பிறந்ததிலிருந்து நான் கூட இருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது என்று அவன் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கப்பாவுக்குத்தான் வேணாம்" என்றாள் அவள். "எனக்கு வேணும். வேணும்னா வேணும்னுதான் அர்த்தம்."

பெரியவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஏம்மா, ஒரு மீன் குழம்பு தின்னத் தெரியாதவனையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்றார்.

"போன தடவை தின்னத் தெரிஞ்சவனைத்தானே கட்டி வெச்சீங்க" என்றாள்.

பெரியவர் அவள் கையை விட்டார். மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்.